நீ விளக்கு

கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் விளக்கம்மா கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். உட்கார்ந்திருந்தால் வம்பு. யாராவது தோளைப் பிடித்துத் திருப்பி, "இவங்கதான் இந்தப் பாட்டைக் கட்டினவங்க" என்று பக்கத்து மேசைக்குக் காட்டுவார்கள். பக்கத்து மேசையில் ஒருத்தியாவது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிங்க இப்படித் தோணுச்சு?" என்று கேட்பாள். வாயில் வந்து நிற்கிற பதிலைச் சொன்னால் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அதனால் அவளே எழுந்து போய்விடுவாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை இப்போது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். விளக்கம்மா என்பது பாட்டால் வந்த பெயர். சிலிண்டர் போடுகிறவன்கூட வாசலில் நின்று, "விளக்கம்மா, சிலிண்டர்!" என்றுதான் கத்துவான். ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

பாட்டு இதுதான். பெரிய பாட்டொன்றும் இல்லை.

விளக்கு விளக்கு நீ விளக்கு
விடியும் முன்னே நீ விளக்கு
எண்ணெய் தீரும் வரை நீ விளக்கு
எல்லாரும் தூங்கினாலும் நீ விளக்கு
கறுப்புப் படிஞ்சாலும் நீ விளக்கு
கண்ணே எரிஞ்சாலும் நீ விளக்கு
விட்டுட்டுப் போறேன் நீ விளக்கு

அவளுடைய கடைசிக் கொழுந்தன் கச்சேரிக்காரன். கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன். அவன் இதைப் பாடும்போது ஒவ்வொரு அடியிலும் 'நீ'யை இழு இழு என்று இழுத்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, பிறகுதான் 'விளக்கு' என்பான். கேட்கிறவர்களுக்கு உடனே ஒரு பெண் தெரிவாள். தான் எரிந்து வீட்டுக்கு வெளிச்சம் தருகிறவள். எண்ணெய் தீரும் வரை என்றால் உயிர் உள்ள வரை. கறுப்புப் படிந்தாலும் என்றால் ஊர் பழி சொன்னாலும். கடைசி அடியில் சாகப்போகிற மாமியார் மருமகள் கையில் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறாளாம். அங்கேதான் மண்டபமே மூக்கை உறிஞ்சும்.

உண்மையில் அது பாத்திரம் விளக்குகிற பாட்டு. எரிகிற விளக்கு இல்லை. தேய்த்து, கரி போக்கி, கழுவிக் கவிழ்க்கிற விளக்கு. அதிலும் பாட்டுகூட இல்லை, திட்டு.

அவள் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த காலம். முன்பக்கம் புருஷனின் அச்சகம், நடுவில் வீடு, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு குழாயும் தாழ்வான தொட்டியும். குந்தி உட்கார்ந்துதான் கழுவ வேண்டும். எழுந்தால் முட்டி சடசடக்கும். வீட்டு ஆட்களோடு அச்சகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அங்கேதான் சாப்பாடு. மாமியார் முன்னறைக் கட்டிலில் படுத்தபடியே காதால் சமையலறையை ஆண்டுகொண்டிருந்தார். பின்பக்கம் தேய்க்கிற சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், "என்ன சத்தத்தைக் காணோம்? விளக்கு! நல்லா விளக்கு!" என்று அங்கிருந்தே குரல் வரும். மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாது.

எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கம்பி நாரைக் குண்டானின் அடியில் வைத்து ஒரு இழுப்புக்கு ஒரு 'விளக்கு' என்று மாமியார் குரலிலேயே, மூக்கால், வேகமாகப் பாடினாள். எண்ணெய் தீரும் வரை, அதாவது பிசுக்குப் போகிற வரை, விளக்கு. சோப்புத் தூள் பட்டுக் கண்ணு எரிஞ்சாலும் விளக்கு. ஒரு நாள் ரொம்ப எரிச்சலாகி, "விட்டுட்டுப் போறேன், நீ விளக்கு!" என்று முடித்துவிட்டு நாரைத் தொட்டியில் வீசினாள். எங்கும் போகவில்லை. எங்கே போவது? ஆனால் அந்த அடியைப் பாடுகிற நேரத்துக்கு மட்டும் போன மாதிரி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொழுந்தன் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பான். ஒரு நாள் எட்டிப் பார்த்து, "அண்ணி, என்ன பாட்டு அது? இன்னொரு தடவை பாடுங்க" என்றான்.

"பாட்டு இல்ல தம்பி. வயித்தெரிச்சல்."

"சும்மா சொல்லுங்க அண்ணி."

சொன்னாள். அவன் அதை மெதுவாக்கி, உருக்கமாக்கி, 'கண்ணு' என்பதைக் 'கண்ணே' என்று மாற்றினான். அந்தப் பாட்டின் வார்த்தையில் அவன் செய்த மொத்த வேலை அந்த ஒரு எழுத்துதான். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் பாடினான். மணப்பெண்ணின் அம்மா மேடையேறி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் பாட்டு அவன் பிடியிலும் இல்லை. ரேடியோவில் வந்தது. செல்போனில் காலர் டியூனாக வந்தது. குக்கர் விற்கிறவன் வண்டியில்கூட வந்தது. வந்த இடத்திலெல்லாம் ஒருத்தர் நின்று அர்த்தம் சொன்னார்.

விளக்கம்மா சும்மா இருக்கவில்லை. முதல் நாளே சொன்னாள். "ஏங்க, அது பாத்திரம் தேய்க்கிற பாட்டுங்க. உங்க தம்பி தலைகீழா ஆக்கி வெச்சிருக்காரு."

புருஷன் அச்சு மையைத் துடைத்தபடி சிரித்தார். "ஊரே நல்ல அர்த்தமா எடுத்துக்குது. உனக்கு எங்க வலிக்குது?"

"முட்டியில."

அவர் அதையும் ஜோக் என்றே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து அது குடும்ப ஜோக்காகிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொழுந்தனே எடுத்துக்கொடுப்பான். "எங்க அண்ணியைக் கேளுங்க, அது சட்டி கழுவுற பாட்டும்பாங்க!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொய் சொன்னால் திருத்தலாம். நிஜத்தைச் சொல்லி அது ஜோக்காகிவிட்டால் என்ன செய்வது? இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். சிரித்து முடித்துத் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள்.

மகளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டீச்சர் அந்தப் பாட்டையே கட்டுரைக்குக் கொடுத்தார். பெண் விளக்கு, எண்ணெய் அவள் ஆயுள், சுடர் அவள் அன்பு என்று மகள் பக்கம் பக்கமாக எழுதினாள்.

"ஏய், அது பாத்திரம்டி" என்றாள் விளக்கம்மா.

"அம்மா, அப்படி எழுதினா மார்க் போயிடும்" என்றாள் மகள். கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதையும் விளக்கம்மாதான் கழுவினாள்.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டாள். கோபம் இருந்தது, ஆனால் அது அவள் கோபம், அவளோடு போகட்டும் என்று இருந்தாள். மகளின் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் பாட்டு அவள் கழுத்தில் கை வைத்தது.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணில் பவர் பார்ப்பாள், லென்ஸ் வெட்டுவாள், கோணிப்போன ஃபிரேமைச் சூடு காட்டி நிமிர்த்துவாள். குழந்தைகளுக்குக் கண்ணாடி போடுவதில் அவளை விட்டால் அந்தக் கடையில் ஆள் இல்லை. முதல் தடவை கண்ணாடி போட்ட பிள்ளை தெருவைப் பார்த்து, "அய், இலையெல்லாம் தனித்தனியா இருக்கு!" என்றதை வீட்டில் வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவன்தான் மாப்பிள்ளை. நல்ல பையன். பேச்சில் பணிவு. வீட்டில் அண்ணன், அண்ணி, தம்பி, அப்பா, அம்மா என்று எல்லோரும் ஒரே அடுப்பு. பெண் கேட்க வந்தார்கள். மூத்த மருமகள் மட்டும் வரவில்லை. வீட்டில் வேலை இருந்ததாம்.

மாப்பிள்ளையின் அம்மா விளக்கம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இந்தப் பாட்டைக் கட்டின கையா இது? உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றது நாங்க செஞ்ச பாக்கியம் சம்பந்தி." பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார். "இவ வேலைக்குப் போய்த்தான் எங்க வீட்டு உலை கொதிக்கணுமா? வேண்டாம் கண்ணு. வீட்டுக்கு விளக்கா இருந்தா போதும். உங்க அம்மா பாட்டிலயே இருக்கே."

மகள் தலையை ஆட்டினாள்.

வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரை விளக்கம்மா வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி தலையை ஆட்டின?"

"எதுக்கும்மா?"

"பூம்பூம் மாடு ஆட்டுற மாதிரி ஆட்டினியே, வேலையை விடச் சொன்னப்போ. அதுக்கு."

"யோசிச்சுத்தான்மா ஆட்டினேன். அவர் நல்லவர்."

"நல்லவர்தான். நல்லவர் இருந்தா பாத்திரம் தானா கழுவிக்குமா?"

மகளுக்குக் கோபம் வந்தது. "நீ மட்டும் வேலைக்கா போன? வீட்டைத்தானே பாத்துக்கிட்ட? அதைப் பெருமையாப் பாடினவளே நீதான். சின்னதுலேர்ந்து கேட்டு வளர்ந்திருக்கேன். உன்னை மாதிரி இருக்கணும்னு நான் நினைச்சா அது தப்பா?"

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். விளக்கம்மா அடுப்பு மேடையில் கிடந்த கரிச்சட்டியைக் காட்டினாள்.

"அது பாத்திரப் பாட்டுடி."

"அம்மா, அந்த ஜோக்கை இப்ப எடுக்காத."

"ஜோக்கா? எண்ணெய் தீரும் வரைன்னா என்னடி?"

"உயிர் இருக்கிற வரைக்கும்."

"உயிரும் இல்ல மயிரும் இல்ல. பிசுக்கு! பிசுக்குப் போற வரைக்கும்! கறுப்புன்னா?"

"பழி."

"அடிப்பிடிச்ச பால்! உங்க அப்பாவோட அச்சகத்து ஆளுங்க எல்லாருக்கும் காபி போட்ட குண்டான்!"

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு கடையில் கண் காட்ட வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் நிதானமாகச் சொன்னாள். "சரிம்மா. நீ சொல்ற மாதிரியும் பொருந்துது. அவங்க சொல்ற மாதிரியும் பொருந்துது. ரெண்டு லென்ஸையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. எது தெளிவா இருக்குன்னு பாக்குறவங்கதானே சொல்லணும்? கட்டினவ சொல்றதுதான் சரின்னு எங்க எழுதியிருக்கு?"

"பெத்தவளைக் கேக்காம பிள்ளைக்கு அப்பன் யாருன்னு ஊர் கூடி முடிவு பண்ணுமாடி?"

"சீ! என்ன பேச்சும்மா இது!" மகள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டில் கூடினார்கள். பெரிய கூடம், வாடகை நாற்காலி, இரண்டு பக்கத்துச் சொந்தமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கொழுந்தன் கீபோர்டையும் ஒலிப்பெட்டியையும் கொண்டுவந்து மூலையில் கடை விரித்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மைக்கை வாங்கினார். "பாட்டை எல்லாரும் கேட்டிருக்கோம். இன்னைக்கு சம்பந்தியே பாடி, அர்த்தத்தையும் அவங்க வாயாலயே நமக்கு விளக்கணும்."

"விளக்கிக்கிட்டேதான் இருக்கேன், இத்தனை வருஷமா" என்று முணுமுணுத்தபடி விளக்கம்மா எழுந்தாள். இது நல்லதுதான் என்று தோன்றியது. சமையலறையில் மகளுக்குச் சொல்லிப் புரியவில்லை. இங்கே எல்லோர் முன்னாலும், அது பிறந்த மாதிரியே பாடிக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

கொழுந்தன் உருக்கமாக ஆரம்பித்தான். "தம்பி, பெட்டியை நிறுத்து" என்றாள். ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். கம்பி நார் இழுபடுகிற வேகத்தில் கரண்டியைத் தட்டில் உரசி, மாமியாரின் மூக்குக் குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள். விளக்கு! விளக்கு! நீ விளக்கு! ஒவ்வொரு 'விளக்கு'ம் ஆணி அடிக்கிற மாதிரி விழுந்தது. இத்தனை வருஷத்து எரிச்சலும் தொண்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. கண்ணே என்று பாடவில்லை, கண்ணு என்றே பாடினாள். கடைசி அடியில் கரண்டியைத் தரையில் வீசினாள்.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது.

இரண்டு பொடிசுகள் நடுவில் வந்து ஆடவே ஆரம்பித்துவிட்டன. "அடடா, டான்ஸ் பாட்டாக்கூட நல்லா இருக்கே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கொழுந்தன் கீபோர்டில் டிரம் சத்தத்தைத் தட்டிவிட்டு, "அண்ணி, ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான். புருஷன் பக்கத்திலிருந்தவரிடம், "எங்க வீட்டம்மா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

விளக்கம்மா மைக்கைப் பிடுங்கினாள். "இது பாத்திரம் கழுவுற பாட்டுங்க! என் மாமியாரைத் திட்டின பாட்டு! அவ்வளவுதான்!"

கைதட்டல் இரண்டு மடங்கானது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் கண்ணில் பட்ட கதவு வழியாக உள்ளே போனாள். அழுகை இல்லை, யாரையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது. பின்னாலேயே மகள் வந்தாள். "ஏம்மா இப்படி மானத்தை வாங்குற? அவங்க வீட்டுல வந்து கரண்டியை வீசுறியே..."

உள்ளே சமையலறை. தொட்டி நிறைய, மேடை நிறைய, தரையில் கோணிச் சாக்கு விரித்து அதன்மேலும், பாத்திரம். நடுவில் அந்த வீட்டு மூத்த மருமகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அண்டாவுக்குள் தோள் வரை கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற தாளத்துக்கே அவள் வாய் முணுமுணுத்தது. விளக்கு, விளக்கு, நீ விளக்கு. வேகமாக. மூக்கால்.

விளக்கம்மா நின்றுவிட்டாள். "இப்பதான் கேட்டியாம்மா?"

மூத்த மருமகள் நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பாடினது இங்க சரியாக் கேக்கல அத்தை, தண்ணி சத்தம். நான் எப்பவும் இப்படித்தான் பாடுவேன்."

"இப்படி ஏன் பாடுற?"

"பின்ன எப்படிப் பாடுறது? பாத்திரப் பாட்டுதானே அது?" அவள் சிரித்தாள். "ரேடியோல முதல் தடவை வந்தப்போ நான் இங்கதான் நின்னேன், கையில எண்ணெய்ச் சட்டியோட. 'எண்ணெய் தீரும் வரை நீ விளக்கு'ன்னு வந்துச்சு பாருங்க, யாரோ நம்மளை ஜன்னல் வழியாப் பாத்துத்தான் எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன். அப்புறம் எங்க அத்தை வந்து, 'அது குடும்பப் பொம்பளையோட பெருமைடி'ன்னாங்க. ஓ, அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கான்னு விட்டுட்டேன்."

மகள் அண்டாப் பக்கம் ஒரு அடி வந்தாள். "நீங்க வேலைக்குப் போனீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"போனேனே. கணக்கு டீச்சர். எட்டாம் கிளாஸ்காரங்களைச் சமாளிச்சவ நான், தெரியுமா? கல்யாணம் பேசினப்போ விடச் சொன்னாங்க. வீட்டுக்கு விளக்கா இருந்தா போதும்னு..."

அவள் முடிக்கவில்லை. கூடத்தில் கொழுந்தன் மறுபடி உருக்கமான பாட்டுக்குத் திரும்பியிருந்தான். 'நீ...' என்று அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேலே மாப்பிள்ளையின் அம்மா குரல் கணீரென்று வந்தது.

"பெரியவளே! டம்ளர் பத்தல. என்ன பண்ற அங்க? சீக்கிரம் விளக்கு!"

மூத்த மருமகள் "இதோ அத்தை" என்று அண்டாவைத் தள்ளிவிட்டு டம்ளர்களை இழுத்தாள். அவளுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் கேட்கவில்லை. தினமும் கேட்கிறதுதான்.

மகளுக்குக் கேட்டது. அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கழுத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது. விளக்கம்மாவுக்கு அந்தச் சிவப்பைத் தெரியும். கண்ணாடியில் பார்த்துப் பழக்கப்பட்ட சிவப்பு.

மகள் நேரே கூடத்துக்குப் போனாள். விளக்கம்மா கதவோரம் நின்று பார்த்தாள். மகள் கத்தவில்லை. மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்று, "நான் வேலையை விடல" என்றாள். கொழுந்தன் வாயைத் திறந்தபடி பாட்டை நிறுத்தினான்.

"என்ன கண்ணு, அன்னைக்குத் தலையை ஆட்டினியே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அன்னைக்கு அர்த்தம் தெரியாம ஆட்டிட்டேன் அத்தை."

மாப்பிள்ளை எழுந்தான். கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி போட்டான். "அம்மாகிட்ட நான் மெதுவாப் பேசுறேன். இப்ப எல்லார் முன்னாடியும்..."

"பேசுங்க. மெதுவாவே பேசுங்க. தேதியையும் மெதுவாவே குறிக்கலாம்."

திரும்பி வருகிற வண்டியில் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. புருஷன்தான் ஆரம்பித்தார். "ஒரு பாட்டுக்காக ஒரு கல்யாணத்தையே கெடுத்துட்டீங்க, அம்மாவும் பொண்ணும். நல்ல இடம்."

"நல்ல இடம்னா நீங்க போய் இருங்க" என்றாள் விளக்கம்மா.

கொழுந்தன் முன் சீட்டிலிருந்து தயங்கித் தயங்கித் திரும்பினான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அந்த வேகமான மெட்டு ஜோரா இருந்துச்சு. இன்னொரு தடவை பாடுனீங்கன்னா போன்ல பிடிச்சுக்குவேன்..."

"சித்தப்பா!" என்று மகள் போட்ட சத்தத்தில் டிரைவரே பிரேக்கைத் தொட்டுவிட்டார்.

கொழுந்தன் திரும்பிக்கொண்டான். மகளின் கோபம் அத்தோடு நிற்கவில்லை. அம்மா பக்கம் வந்தது. "உன்மேலயும்தான் எனக்குக் கோபம். கட்டுரை எழுதினப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்டி."

"சொன்ன. அடிச்சுச் சொன்னியா? பரிசு வாங்கிட்டு வந்தப்போ அந்த டிபன் பாக்ஸை எல்லாருக்கும் காட்டினியே!"

விளக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்மேல் கோபப்படவும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பிடிக்கவும் இல்லை.

மகள் வழக்கம்போலக் கடைக்குப் போனாள். தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். பாட்டுக்காரி பெண்ணின் கல்யாணமே பாட்டால் நின்றுபோச்சாமே என்று மளிகைக் கடையில் ஒருத்தி சொன்னதைக் கேட்டு, விளக்கம்மா பாதி சாமானோடு திரும்பி வந்தாள். புருஷன் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. விளக்கம்மாதான் எடுத்தாள்.

"சம்பந்தி, பையன் பிடிவாதமா இருக்கான். சரி, அவ வேலைக்குப் போகட்டும். நாங்க என்ன கல்நெஞ்சுக்காரங்களா? காலையில எழுந்து சமையலறை வேலையை மட்டும் முடிச்சு வெச்சுட்டுப் போகட்டும். சாயங்காலம் வந்து மிச்சத்தைப் பாத்துக்கட்டும். மூத்தவளும் பாவம், ஒண்டியா எவ்வளவுதான் செய்வா?"

விளக்கம்மாவுக்கு நாக்கு நுனியில் ஒரு கூடை வார்த்தை வந்து நின்றது. மகள் கையை நீட்டினாள். விளக்கம்மா போனைக் கொடுத்தாள்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? அவரும் நானும் பேசிட்டோம். யார் சாப்பிட்டாங்களோ அவங்கவங்க தட்டை அவங்கவங்க கழுவணும். பெரிய பாத்திரத்தை எல்லாரும் முறை போட்டுக் கழுவணும், மாமாவும்தான். உங்க பையன் சரின்னுட்டாரு. நீங்களும் சரின்னு சொல்ற அன்னைக்குத் தேதி குறிச்சுக்கலாம். அவசரமில்லை." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். மகள் பொறுமையாகக் கேட்டாள். "இல்ல அத்தை, அம்மா சொல்லிக் கொடுக்கல. அவங்க இவ்வளவு மரியாதையாப் பேச மாட்டாங்க. வெச்சிடுறேன்."

போனை மேசையில் வைத்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே கிளம்பினாள். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

விளக்கம்மா எழுந்து தொட்டிக்குப் போனாள். தன் தட்டைத் தேடி எடுத்துக் கழுவினாள். மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. புருஷனின் தட்டு, கொழுந்தனின் தட்டு, சோற்றுப் பானை, பருக்கை ஒட்டிய கரண்டிகள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து விசிறிக்கு நேராகப் பாயை விரித்தாள்.

சத்தம் நின்றுவிட்டதே என்று புருஷன் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன, மத்ததெல்லாம் அப்படியே கிடக்கு?"

விளக்கம்மா பாயில் காலை நீட்டிக்கொண்டாள்.

"உங்க தம்பியைக் கேளுங்க. அவருக்குத்தான் எல்லாத்துக்கும் அர்த்தம் தெரியும்."